இரண்டாவது சனிக்கிழமைக்கு யார் வருவார்கள்?

முதல் சனிக்கிழமைக்கு ஆள் சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. ஒரு சுவரொட்டி, ஆசிரியர் ஒருவரின் சிபாரிசு, "நண்பன் வருகிறானாம்" என்ற பேச்சு, இவ்வளவு போதும். நாற்பது பேர் வந்து நிற்பார்கள். கையுறை மாட்டுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், மதியத்துக்குள் குப்பை மூட்டைகள் வரிசையாக நிற்கும். அடுத்த மாதம் அதே இடத்துக்கு ஆறு பேர் வருவார்கள். அதில் இரண்டு பேர் ஏற்பாட்டாளரின் சொந்தப் பிள்ளைகளாக இருப்பார்கள்.

தாங்கள் வாழும் இடத்தின் நீரையும் மரத்தையும் மண்ணையும் காக்கும் வேலையில் இளையோரை ஈடுபடுத்த நினைப்பவர் ஆசிரியராக இருக்கலாம், நூலகராக இருக்கலாம், குடியிருப்போர் சங்கமாக இருக்கலாம். யாராக இருந்தாலும் முன்னால் கிடக்கும் வழிகள் ஏறக்குறைய ஐந்துதான்: துப்புரவு நாள் நடத்துவது, மரக்கன்று நடுவது, ஓர் இடத்தைத் தொடர்ந்து அளந்து பதிவு செய்வது, பள்ளிக்குள்ளேயே ஒரு குழு அமைப்பது, கோரிக்கை வைத்துப் போராடுவது. ஐந்தையும் ஒரே ஆண்டில் செய்துவிட ஆசை வரும். அப்படி ஆசைப்பட்ட ஓர் ஆண்டு எனக்கும் உண்டு. ஐந்தும் பாதியில் நின்றன. ஒன்றை முதன்மையாக வைத்துக்கொண்டு மற்றதை அதன் பின்னால் வரச் செய்வதே நடக்கக்கூடிய காரியம்.

எதை முதன்மையாக வைப்பது? பணத்தை வைத்து ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு தெரியாது, எல்லாமே மலிவானவைதான். பெரியவர்களின் நேரத்தை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். நான் வைக்கும் உரைகல் வேறு: இரண்டாவது முறை வருவதற்கு அந்த வேலையே ஒரு காரணம் தருகிறதா? ஏற்பாட்டாளர் கெஞ்சி அழைப்பது, சான்றிதழ், சிற்றுண்டி இவையெல்லாம் கணக்கில் சேராது.

துப்புரவு நாள்

இதைக் கேலி செய்வது எளிது, நியாயமில்லை. 2008 மே 3 அன்று எஸ்டோனியாவில் சுமார் 50,000 பேர் காடுகளிலும் சாலையோரங்களிலும் திருட்டுத்தனமாகக் கொட்டப்பட்டிருந்த 10,000 டன் குப்பையை ஐந்து மணி நேரத்தில் அகற்றினார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 13 லட்சம்தான். இன்று செப்டம்பரில் கடைப்பிடிக்கப்படும் உலகத் துப்புரவு நாளுக்கு விதை அதுவே. ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு நகல் எடுப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்பே தன்னார்வலர்கள் குப்பை மேடுகளைத் தேடி அலைந்து, 10,000க்கும் மேற்பட்ட இடங்களை வரைபடத்தில் குறித்து வைத்திருந்தார்கள். வேலையின் பெரும்பகுதி அந்த நாளுக்கு முன்னாலேயே நடந்து முடிந்திருந்தது.

இன்னும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று. 1986-ல் அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் 2,800 பேர் இரண்டு மணி நேரத்தில் 124 டன் பொறுக்கினார்கள். லிண்டா மரானிஸ் என்பவர் முன்னின்று நடத்திய அந்தத் துப்புரவில் பொறுக்கிய பொருள் என்ன என்பதையும் ஒவ்வொருவரும் ஓர் அட்டையில் குறித்தார்கள். அதுதான் பின்னர் சர்வதேசக் கடற்கரைத் துப்புரவாக வளர்ந்தது. 30 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பட்டியலில் சிகரெட் துண்டுகளே முதலிடத்தில் இருந்தன. 2019-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் உணவுப் பொட்டல உறைகள் அவற்றை முந்தின. அட்டை இல்லாமல் மூட்டை மட்டும் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

அட்டை இல்லாத துப்புரவு என் உரைகல்லில் தோற்றுவிடும். இரண்டாவது முறை வரும் பிள்ளை பார்ப்பது, தான் சுத்தம் செய்த இடம் மறுபடி நிரம்பியிருப்பதைத்தான். "எதற்குச் செய்தோம்?" என்று கேட்பான். அட்டை கையில் இருந்தால் கேள்வி மாறும்: போன முறை பாட்டில் மூடி அதிகம், இந்த முறை மெல்லிய பை அதிகம், ஏன்? அதே 100 மீட்டர் நீளத்தை ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. உடைந்த கண்ணாடி, ஊசி இவற்றைப் பிள்ளைகள் தொடக்கூடாது, பெரியவர்தான் எடுக்க வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் எவர் காதிலும் ஏறாது.

மரக்கன்று

எல்லாருக்கும் பிடித்த வழி. எனக்கு மிகவும் சந்தேகம் தரும் வழியும் இதுதான்.

துருக்கியில் 2019 நவம்பர் 11 அன்று ஒரே நாளில் 1.1 கோடி கன்றுகள் நடப்பட்டன. சோரும் மாகாணத்தில் ஒரு மணி நேரத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் நட்டு உலக சாதனையும் படைத்தார்கள். சில மாதங்கள் கழித்து வனத்துறைத் தொழிலாளர் சங்கம் ஒன்று, தாங்கள் பார்த்த இடங்களில் 90 சதவீதம் வரை பட்டுப்போய்விட்டதாகச் சொன்னது. அரசு மறுத்தது. இரண்டில் எது உண்மையாக இருந்தாலும், நட்ட நாளின் படம் கிடைத்த அளவுக்கு, பிழைத்த கன்றின் கணக்கு யாருக்கும் கிடைக்கவில்லை.

கன்று பிழைப்பது நடும் கையில் இல்லை. அடுத்த இரண்டு மூன்று வறண்ட பருவங்களில் தண்ணீர் ஊற்றும் கையில் இருக்கிறது. நடுவதற்கு நூறு பேர் வருவார்கள், ஊற்றுவதற்கு ஒருவர் வருவார், அவரும் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடுவார். நாங்கள் ஒருமுறை பெருமையாக நட்ட வரிசையில், அடுத்த ஆண்டு மிஞ்சியவற்றை எண்ண இரண்டு கை விரல்கள் போதுமானதாக இருந்தன. பட்டுப்போன கன்றின் முன்னால் தன் பெயர் எழுதிய பலகையைப் பார்த்த பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. பெயர்ப்பலகை வைத்ததுதான் நாங்கள் செய்த பெரிய தவறு.

இடப்பிழை வேறு இருக்கிறது. இயல்பாகவே புல்வெளியாக இருக்கும் நிலத்தில் மரம் நட்டால் அங்கே வாழும் பறவைக்கும் பூச்சிக்கும் அது நன்மை இல்லை. பிலிப்பீன்சில் அலைத்தாக்கம் மிகுந்த சேற்றுத்தரைகளில் அலையாத்தி நட்டு, பெரும்பகுதி பிழைக்காமல் போன அனுபவம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அங்கே அலையாத்தி தானாக வளரவில்லை என்பதே போதுமான எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

நடுவதை விடவே மனமில்லை என்றால் இரண்டு மாற்றுகள் உண்டு. ஒன்று நாற்றங்கால். சுற்றுவட்டாரத்து மரங்களின் விதையைச் சேகரித்து, முளைக்க வைத்து, வாரம் ஒருமுறை பார்ப்பது. முளை வந்ததா என்று பார்க்கவே பிள்ளைகள் வருவார்கள். எவரும் அழைக்க வேண்டாம். மற்றொன்று, ஏற்கெனவே இருப்பதைக் காப்பது. நைஜர் நாட்டில் 1980களில் பணியாற்றிய ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ, நட்ட கன்றுகள் தொடர்ந்து பட்டுப்போவதைப் பார்த்துச் சலித்தபின், வயல்களில் வெட்டப்பட்ட அடிக்கட்டைகள் உயிரோடு துளிர்ப்பதைக் கவனித்தார். தேவையற்ற தளிர்களைக் கழித்து, மீதியை ஆடுமாடு மேயாமல் காக்கும்படி உழவர்களிடம் சொன்னார். அந்த முறை சுமார் 50 லட்சம் ஹெக்டேருக்குப் பரவியது. விழா மேடைக்கு ஏற்ற வேலை இல்லைதான்.

அளந்து பதிவு செய்தல்

என் ஓட்டு எதற்கு என்பதை மறைத்து வைக்க விருப்பமில்லை. இதற்குத்தான்.

ஒரு வெள்ளைத் தட்டு, கைப்பிடி நீண்ட ஒரு வலை, ஒரு கோட்டுப் புத்தகம். முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாத ஓடை. ஒருவர் நீரோட்டத்துக்கு எதிராக வலையைப் பிடிக்க, இன்னொருவர் அதற்கு முன்னால் காலால் கற்களைப் புரட்டுகிறார். வலையில் விழுந்ததைத் தட்டில் கவிழ்த்தால் முதலில் சேறும் இலையும்தான் தெரியும். "ஒன்றுமே இல்லை" என்று யாராவது சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். இரண்டு நிமிடம் பொறுத்தால் சேறு படியும். அப்போது ஓர் இலைத்துணுக்கு நகரும். உற்றுப் பார்த்தால் அதற்கு ஆறு கால், பின்னால் மூன்று வால், வயிற்றின் இரு பக்கமும் இறகு போன்ற செவுள்கள் படபடவென்று துடித்துக்கொண்டிருக்கும். மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவம் அது. பக்கத்தில் மணல் துகள்களை ஒட்டவைத்துத் தனக்கென்று குழாய் வீடு கட்டிக்கொண்ட ஒரு புழு தலையை மட்டும் நீட்டும். இன்னொரு மூலையில் செக்கச்செவேலென்று ஒரு புழு நெளியும்.

இந்த மூன்றும் சேர்ந்து நீரைப் பற்றிச் சாட்சி சொல்கின்றன. மேஃபிளை இளம்பருவங்களில் பெரும்பாலானவை உயிர்வளி நிறைந்த நீரில்தான் வாழும்; கழிவு கலந்தால் முதலில் காணாமல் போகிறவற்றில் அவையும் உண்டு. சிவப்புப் புழுவின் உடலில் நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால், உயிர்வளி குறைந்த சேற்றிலும் அது சமாளித்துவிடும். தட்டில் சிவப்புப் புழு மட்டுமே இருந்தால் மேலே எங்கோ ஏதோ கலக்கிறது என்று அர்த்தம். ஆய்வகச் சோதனை அந்த ஒரு நிமிடத்து நீரைச் சொல்லும். பூச்சிகள் கடந்த பல வாரங்களின் நீரைச் சொல்லும். இதை ஒருமுறை விளக்கிவிட்டால், "அப்படியென்றால் பாலத்துக்கு மேலே பார்ப்போமா?" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கும். என் அனுபவத்தில் அந்தக் கேள்வி வராத குழுவே இல்லை. அடுத்த சனிக்கிழமைக்கான காரணம் அங்கே பிறந்துவிட்டது.

ஓடை இல்லாத இடத்தில் பறவை எண்ணலாம். 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், பறவைகளைச் சுடும் பழக்கத்துக்கு மாற்றாக அவற்றை எண்ணுவோம் என்று அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் அழைத்தபோது வந்தவர்கள் 27 பேர். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை ஆண்டுதோறும் நடக்கிறது. குளமோ ஏரியோ இருந்தால் செக்கி வட்டு போதும்: கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிய வட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணில் இருந்து மறையும் ஆழத்தைக் குறிப்பது. 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் வெள்ளை வட்டைக் கொண்டு தொடங்கிய முறை. இன்றும் நீரியல் அறிஞர்கள் அதையே பயன்படுத்துகிறார்கள். கைபேசி இருந்தால் ஐநேச்சுரலிஸ்ட் செயலி. படம் போட்டால் உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் நிபுணர் பெயர் சொல்வார், அல்லது நீங்கள் சொன்ன பெயரைத் திருத்துவார். முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் தன்னைச் சமமாக மதித்து மறுத்துப் பேசுவதில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கும் பெருமிதத்தைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

பிள்ளைகள் எடுத்த கணக்கு உண்மையில் பயன்படுமா என்ற சந்தேகம் எப்போதும் எழும். மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் குளிர்காலத்தை எங்கே கழிக்கின்றன என்று கண்டறிய, கனடாவின் ஃபிரெட் அர்க்கார்ட் பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்களைக் கொண்டு அவற்றின் சிறகில் சிறு ஒட்டுச்சீட்டு ஒட்ட வைத்தார். 1976 ஜனவரியில் மெக்சிகோவின் மலைக்காட்டில், இலட்சக்கணக்கான வண்ணத்துப்பூச்சிகளுக்கு நடுவே, சீட்டு ஒட்டிய ஒன்று அவர் கண்ணில் பட்டது. முந்தைய ஆகஸ்டில் மினசோட்டாவில் ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் ஒட்டி அனுப்பியது. அந்தப் பூச்சிகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சான்றாக அது அமைந்தது.

குறைகளும் உண்டு. முதல் ஆறு மாதம் பெற்றோர் "இதனால் என்ன பயன்?" என்று கேட்டால் நேர்மையான பதில் "இன்னும் ஒன்றுமில்லை" என்பதுதான். மழைக்காலத்தில் வெள்ளம் வரும்போது யாரையும் நீரில் இறக்கக் கூடாது. காலில் புண் உள்ளவர் கரையில் நின்று எழுத வேண்டும், எலிக்காய்ச்சல் அழுக்குநீர் வழியாகப் பரவக்கூடியது. கணக்கில் பிழை வரும். எழுதுபவர் மாறினால் புழுவின் பெயரும் மாறும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நீர் கெட்டிருக்கிறது என்று தெரிந்தபின்னும் எதுவும் மாறாமல் இருந்தால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். அளப்பது அங்கே முடிந்து, கேட்பது தொடங்கியாக வேண்டும்.

பள்ளிக் குழு

சுருக்கமாகவே சொல்கிறேன். 1994-ல் ஐரோப்பாவில் தொடங்கிய ஈகோ-ஸ்கூல்ஸ் திட்டம் இதற்கு நல்ல அச்சு: ஏழு படிகளில் முதல் படியே மாணவர் குழு அமைப்பது, இரண்டாவது பள்ளியின் நீர், மின்சாரம், குப்பை இவற்றைக் கணக்கெடுப்பது. பள்ளி நேரத்திலேயே நடப்பதால் வராமல் போகும் சிக்கல் இல்லை. வீட்டு வேலையும் தம்பி தங்கையும் காத்திருக்கும் பிள்ளைகள் சனிக்கிழமை வர முடியாது. அவர்களுக்கு இது ஒன்றுதான் வழி. இந்த ஒரு காரணத்துக்காகவே இதைத் தள்ளிவிட முடியாது.

சிக்கல், பெயரளவுக் குழுவாகிவிடுவது. ரோஜர் ஹார்ட் 1992-ல் யுனிசெஃபுக்காக எழுதியபோது பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் கொள்ளவில்லை: பிள்ளைகளைத் தூண்டிவிட்டு ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்கு உட்கார வைப்பது. விருந்தினருக்குப் பூச்செண்டு கொடுக்க நிற்கும் பசுமைக் குழுத் தலைவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது: குழு எடுத்த முடிவு ஏதாவது ஒன்றுக்குத் தலைமையாசிரியர் மனமில்லாமல் ஒப்புக்கொண்டாரா?

போராட்டமும் கோரிக்கையும்

மெலாத்தி, இசபெல் விஜ்சென் என்ற சகோதரிகள் பாலித் தீவில் நெகிழிப் பைகளுக்கு எதிராக 2013-ல் தொடங்கியபோது மூத்தவருக்கு 12 வயது, இளையவருக்கு 10. பைகளுக்கான தடை அங்கே நடைமுறைக்கு வந்தது 2019-ல். இடையில் கையெழுத்து வேட்டை, கடற்கரைத் துப்புரவு, உண்ணாவிரதம் எல்லாம் நடந்தன. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 16 இளையோர் தங்கள் மாநில அரசின் மீது 2020-ல் வழக்குத் தொடர்ந்தார்கள். தூய்மையான, நலமான சூழல் அந்த மாநில அரசமைப்பே தரும் உரிமை என்பது வாதம். 2023 ஆகஸ்டில் கீழ்நீதிமன்றத்தில் வென்றார்கள், 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது.

இரண்டும் வெற்றிகள். இரண்டிலும் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்: ஆறு, கிட்டத்தட்ட ஐந்து. பதினைந்து வயதில் கையெழுத்துப் போட்டவர் வெற்றிச் செய்தி வரும்போது கல்லூரியை முடிக்கும் தறுவாயில் இருப்பார். உங்கள் குழுவின் வயது பதினான்கு என்றால், அவர்கள் பள்ளியை விட்டுப் போவதற்குள் முடியக்கூடிய கோரிக்கையைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு கழிவுக்குழாய், ஒரு குப்பைத் தொட்டி, ஒரு வேலி. யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதுவே பாதிக் கல்வி. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் முகமும் பெயரும் பொதுவெளிக்குப் போகும் முன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்; வசை வருவது பிள்ளைகளுக்குத்தான், உங்களுக்கு அல்ல.

குரல் உயர்த்தாத போராட்டம் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றத்தைத் தங்கள் சுற்றுவட்டார இயற்கையோடு இணைத்துச் சொல்லிக்கொடுத்து, வெளியே அழைத்துப்போய் வேலை செய்ய வைத்து, வீட்டில் பெற்றோரைப் பேட்டி காணச் சொன்னார்கள். 2019-ல் வெளிவந்த அந்த ஆய்வில், பிள்ளைகளோடு சேர்ந்து பெற்றோரின் அக்கறையும் கூடியிருந்தது. தந்தைகளிடமும் பழமைவாதக் கருத்துடைய பெற்றோரிடமும் கூடுதலாக. மகள்கள் சொன்னது இன்னும் நன்றாக எடுபட்டது. தெருவில் நின்று முழங்கினால் காதை மூடிக்கொள்ளும் அதே மனிதர், சாப்பாட்டு மேசையில் மகள் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடுகிறார்.

பரிசு கொடுக்கலாமா?

எல்லா வழிகளிலும் குறுக்கிடும் கேள்வி. 1973-ல் மார்க் லெப்பரும் இரு சக ஆய்வாளர்களும், வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட மழலைகளை மூன்றாகப் பிரித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களுக்கு அந்தக் கெடுதல் நேரவில்லை. ஆகவே ஆண்டு முடிவில் எதிர்பாராமல் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். சுவரொட்டியில் "சான்றிதழ் உண்டு" என்று அச்சிடாதீர்கள். கல்லூரி விண்ணப்பத்துக்குச் சான்று கேட்டு வருபவரையும் திருப்பி அனுப்ப வேண்டாம்; சான்றுக்காக வந்து புழுவுக்காகத் தங்கிவிட்ட ஓரிருவரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது?

இருபது பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், ஓர் ஆண்டு, இதுதான் கையில் இருப்பது என்றால்: ஒரே ஓர் இடத்தை எடுத்து அளக்கத் தொடங்குங்கள். முதல் நாளை அட்டையோடு கூடிய துப்புரவாக நடத்துங்கள். நாற்பது பேர் வந்தாலும் வேலை இருக்கும், அதில் யார் அட்டையை ஆர்வமாக நிரப்புகிறார்கள் என்று பார்த்துவிடலாம். மாதம் ஒருமுறை அதே இடம், அதே நேரம். ஏழெட்டு மாதக் கணக்கு சேர்ந்தபின் பிள்ளைகளே ஒரு கேள்வியோடு வந்தால், அதைக் கோரிக்கையாக மாற்ற உதவுங்கள். வரவில்லை என்றால் நீங்களாக ஒன்றை அவர்கள் வாயில் திணிக்க வேண்டாம், அளந்துகொண்டே இருங்கள்.

இதற்கு மாறாகவும் முடிவெடுப்பேன். பெரியவர் ஒரே ஒருவர், கையில் ஒரே ஒரு நாள் என்றால் துப்புரவு, அட்டையோடு. குழுவில் எல்லாரும் பதினேழைத் தாண்டியவர்கள், ஏற்கெனவே கோபத்தோடு வந்திருக்கிறார்கள் என்றால் அவர்களைப் புழு எண்ண வைப்பது நடக்காது. நேராகக் கோரிக்கைக்குப் போகலாம், எண்ணிக்கை தேவைப்படும்போது அவர்களே வலையைத் தேடுவார்கள். பத்து வயதுக்குக் கீழ் என்றால் நாற்றங்கால். சனிக்கிழமை வர முடியாத பிள்ளைகள் பாதிக்கு மேல் என்றால் பள்ளிக் குழு. மரம் நடும் விழாவை மட்டும் எந்த நிலையிலும் முதலில் வைக்க மாட்டேன். யாராவது இலவசமாகக் கன்று கொடுக்க முன்வந்தாலும், தண்ணீர் ஊற்றுபவர் யார் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன்.

தேர்ந்தெடுத்தபின் செய்ய வேண்டிய சிறு வேலை ஒன்று பாக்கி. கணக்குப் புத்தகமும் தட்டும் வலையும் எங்கே இருக்கும்? எங்கள் முதல் ஆண்டில் அவை என் வீட்டில் இருந்தன. எனக்குக் காய்ச்சல் வந்த மாதம் கணக்கு இல்லை, புத்தகத்தில் அந்தப் பக்கம் இப்போதும் வெறுமையாக இருக்கிறது. இரண்டாம் ஆண்டு முதல் அலமாரிச் சாவி பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியிடம் போனது. அதற்குப் பிறகு இரண்டு முறை நான் தாமதமாகப் போயிருக்கிறேன். இரண்டு முறையும் தட்டில் சேறு படிந்து, எண்ணத் தொடங்கியிருந்தார்கள்.